சொந்தப் பாவனைக்கு

ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்ன அன்று பின்னேரம், வெள்ளவத்தை முழுவதும் அரிசிக்கும் பருப்புக்கும் ஓடியது. என் கணவரும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பையில் அரிசி இருந்தது, பால்மா இருந்தது, மெழுகுதிரிகூட இருந்தது. முகத்தில் மட்டும் இரத்தம் இல்லை.

"என்னப்பா நடந்தது?"

"வைன் ஸ்டோர்ஸ் பூட்டிட்டாங்கள். கியூ காலி வீதி வரைக்கும் நிண்டது. பொலிஸ் வந்து எல்லாரையும் கலைச்சுப்போட்டுது."

நான் சிரித்தேன். உலகத்தையே பூட்டுகிறார்கள், இந்த மனுசனுக்கு இதுவா கவலை என்று நினைத்தேன்.

அவர் குடிப்பவர்தான். ஆனால் குடிகாரர் என்று அவரை நானோ வேறு யாருமோ சொன்னதில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கப்பல் முகவர் ஒருவரிடம் கிளார்க்காக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பின்னேரம் குளித்து, செபம் சொல்லி, கடல் பக்கத்து யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு சாராயம் குடிப்பார். தள்ளாடியதில்லை. குரல் உயர்த்தியதில்லை. நான் அறிந்த குடிகாரர்கள் எல்லாம் நீதிமன்றக் கூண்டில் நின்றவர்கள். நான் கொழும்பு நீதவான் நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். சிங்களத்தில் வாசிக்கப்படும் குற்றச்சாட்டைத் தமிழில் சொல்வதும், தமிழில் வரும் பதிலைச் சிங்களத்தில் சொல்வதுமாக என் காலம் போனது. கூண்டில் நிற்பவனையும் யன்னலடியில் இருப்பவரையும் ஒரே இனமாக நினைக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். எங்கள் ஒரே மகன் கம்பியூட்டர் கம்பனி ஒன்றில் வேலை செய்தான். ஊரடங்கு வந்ததும் அலுவலகம் அவனுடைய அறைக்குள் வந்துவிட்டது. மேசை நிறைய வயரும் பெட்டியும் திரையுமாகக் கிடந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போக விண்ணப்பித்திருந்தான். படிப்புச் சான்றிதழ், ஆங்கிலப் பரீட்சை எல்லாம் முடிந்து, பொலிஸ் ரிப்போர்ட் எடுப்பது ஒன்றுதான் மிச்சம். அவன் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. கலியாண வீட்டில் கிளாஸை நீட்டினால் சோடா கேட்பான்.

அலுமாரியில் இருந்த போத்தல் முடிந்தது. முதலில் அவர் சும்மா எரிச்சலாக இருந்தார். பிறகு சோற்றுக் கோப்பையைப் பிடிக்கும் கை நடுங்கத் தொடங்கியது. வியர்த்துக் கொட்டியது. ஒரு நாள் பின்னேரம் யன்னலைப் பார்த்தபடி, "கோச்சி போகுது, கேக்கேல்லையே?" என்றார். எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ஊரடங்கு போட்டதிலிருந்து ஒரு கோச்சியும் ஓடவில்லை. கடல் இரையும் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

"கோச்சி இல்லையப்பா. எல்லாம் நிப்பாட்டியிருக்கு."

"உமக்குக் காது அடைச்சுப்போச்சு. இஞ்ச சுவரில பாரும், எவ்வளவு எறும்பு. ஒரு துணியால துடைச்சு விடும்."

சுவர் வெறுமையாக இருந்தது. நான் துணியை எடுத்துத் துடைத்தேன். 

எங்களுக்குத் தெரிந்த டொக்டருக்குப் போன் எடுத்தேன். எவ்வளவு காலமாகக் குடிக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். 

"அன்ரி, கன காலம் குடிச்ச ஆள் சட்டெண்டு நிப்பாட்டினா ஆளையே கொண்டுபோடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அங்க போனா கொரோனா எண்டு எரிச்சுப்போடுவாங்கள். பூசையும் இல்லை, பெட்டியும் இல்லை. நான் வரமாட்டன்."

மகனும் நானும் எவ்வளவோ கெஞ்சினோம். கடைசியில் டொக்டர் மருந்து எழுதி அனுப்ப, ஊரடங்குப் பாஸ் வைத்திருந்த மருந்துக் கடைக்காரர் வாசல்வரை கொண்டுவந்து தந்தார். மகன் வேலையை விட்டுவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தான். சில நாட்களில் நடுக்கம் குறைந்தது. எறும்புகள் போய்விட்டன. அவர் வெட்கத்தோடு சிரித்து, "நான் பேய்க்கதை ஏதும் கதைச்சனானே?" என்று கேட்டார். கண்டம் தாண்டிவிட்டது என்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இனி அவருக்குச் சாராயம் தேவையில்லை என்று டொக்டரும் சொன்னார்.

தேவை போனது உண்மை. போகாதது பயம். அந்த நாட்களில் தான் என்னவாக இருந்தார் என்பது அவருக்குக் கொஞ்சம் நினைவிருந்தது. அந்த நிலை திரும்பவும் வந்தால் கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்று ஒரு எண்ணம் அவருக்குள் விழுந்துவிட்டது. இதை நான் பின்னாலே யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். அப்போது நான் கண்டது இவ்வளவுதான்: சாமான் லொறி ஒழுங்கைக்கு வந்தபோது, எப்போதும் கடைக்குப் போகப் பஞ்சிப்பட்டுச் சாக்குச் சொல்கிற மனுசன், முகமூடியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கீழே இறங்கினார். அன்னாசிப்பழம் வாங்கினார். சீனி வாங்கினார். பிறகு ஈஸ்டும் வாங்கினார். அந்தக் காலம் எல்லா வீட்டிலும் பாண் சுட்டுப் பழகினார்கள், ஆகவே ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

குளியலறைக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீலப் பிளாஸ்டிக் பீப்பா ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை அதன் மூடியைத் திறந்தேன். உள்ளே நுரை மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புளித்த, இனித்த ஒரு வாசம் முகத்தில் அடித்தது. அந்த வாசத்துக்கு எனக்குப் பெயர் தெரியும். சான்றுப் பொருளாக எத்தனையோ கலன்களில் அது நீதிமன்ற வராந்தாவில் வைக்கப்பட்டிருக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுவதற்கு முன்னால் புளிக்க வைக்கிற அந்தக் கரைசலுக்குக் கோடா என்று பெயர்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"வைன்," என்றார். "கிறிஸ்மஸுக்கு வைன் போடாத வீடு கொட்டாஞ்சேனையில இருந்ததே? என்ர அம்மா போடுவா. பங்குச் சுவாமிக்கும் ஒரு போத்தல் குடுப்பா."

"வைனுக்குச் செப்புக் குழாய் என்னத்துக்கு?"

ஏ.சி. திருத்தினபோது மிஞ்சிய குழாயை அவர் சுருளாக வளைத்து, துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். மேலே கேட்டபோது பொய் சொல்லவில்லை. அது அவரிடம் இருந்த நல்ல குணம்.

"நான் விக்கவே போறன்? என்ர வீடு, என்ர சீனி, என்ர வாய். இதில அரசாங்கத்துக்கு என்ன?"

"வித்தா ஒரு குற்றம். காய்ச்சினா வேற குற்றம். காய்ச்சாமல் இந்தப் பீப்பாவை வச்சிருந்தாலே அதுவும் குற்றம். லைசன்ஸ் இல்லாமல் ஒண்டும் ஏலாது. சொந்தப் பாவனை எண்டு சட்டத்தில ஒரு மூலையும் இல்லை."

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வாயாலேயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மட்டக்குளிச் சேரித் தோட்டங்களில் இருந்து பெண்கள் வருவார்கள். பொலிஸ் வருகிறபோது புருசன் பின்பக்கத்தால் ஓடிவிடுவான்; அல்லது அவனுக்குத் துறைமுகத்தில் வேலை, வழக்கென்றால் வேலை போய்விடும். ஆகவே பெண் கூண்டில் நிற்பாள், சில வேளை இடுப்பில் பிள்ளையோடு. "சொந்தப் பாவனைக்குத்தான் ஐயா" என்று அவள் தமிழில் சொல்வாள். நான் அதைச் சிங்களத்தில் சொல்வேன். அவள் மது வாசமே அறியாதவள் என்பது நீதவானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தண்டம் விதிக்கப்படும். அடுத்த வழக்கு.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இந்த ஊரடங்கில ஆர் மூண்டாம் மாடிக்கு ஏறி வரப்போறான்?" என்றார்.

மகன் கேட்டபோது வேறு விதமாகச் சண்டை வந்தது. "அப்பா, எனக்குப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கோணும். இந்த வீட்டு அட்ரஸிலதான் எடுக்கோணும். விளங்குதே?"

"உனக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? காய்ச்சிறது நான்."

"வாறவனுக்கு அது தெரியுமே?"

பீப்பாவைக் கவிழ்க்க அவன் போனான். தகப்பன் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கை திரும்பவும் நடுங்கத் தொடங்கியது. அது கோபத்திலா, பழைய நோயிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மகன் பின்வாங்கிவிட்டான். அன்று பின்வாங்கியதற்கு அவனை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கையைப் பார்த்த ஒருவராலும் முன்னுக்குப் போயிருக்க முடியாது.

பிரஷர் குக்கரின் மூடியில் குழாயைப் பொருத்தி, குழாயை ஐஸ் வாளிக்குள் விட்டு அவர் காய்ச்சினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்போல விழுந்தது. ஒரு கரண்டியில் எடுத்து நெருப்பு வைத்துப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் சுவாலை தெரியவில்லை. கரண்டிக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. அவர் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். அன்று பின்னேரம் யன்னலடிக் கதிரை திரும்பவும் போடப்பட்டது. வானத்தில் ஒரு ட்ரோன் தேனீபோல இரைந்துகொண்டு கூரைகளுக்கு மேலால் போனது. ஊரடங்கை மீறுபவர்களைப் பிடிக்க விட்டிருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அது எங்கள் பக்கம் வந்தபோது நான் யன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கீழ்மாடியில் இருந்தவர் கதவைத் தட்டியது அதற்குப் பிறகுதான்.

அவர் பெரிய கம்பனி ஒன்றில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகித் தனியே இருந்தார். எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் தலைவரும் அவரே. படியில் சப்பாத்து வைத்தால் நோட்டீஸ் ஒட்டுவார், பால்கனியில் சேலை தொங்கினால் போன் எடுப்பார். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"தங்கச்சி, குளியலறைப் பைப்பால எனக்கு ஒரு வாசம் வருது."

"என்ன வாசம் அண்ணை?"

"அன்னாசி," என்றார். பிறகு படியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பியட்டச் சொல்லுங்கோ. எனக்கும் கொஞ்சம் தந்தா உதவியா இருக்கும். எனக்கும் ஏலாமக் கிடக்கு."

என் கணவருக்குப் பெரிய நிம்மதி. தலைவரே வந்து கேட்கிறார், இனி யார் முறைப்பாடு செய்வது? சோஸ் போத்தல் ஒன்றைக் கழுவி நிரப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போகும்போது கீழ்மாடிக்காரர் சொன்னார்: "நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன். பயப்பிடாதேங்கோ."

அதுவரை எனக்கு அவரில் பயம் வரவில்லை. அந்தச் சொல்லோடு வந்தது. சாட்சிக் கூண்டில் ஒருவர் கேட்காமலே "நான் பொய் சொல்லமாட்டேன்" என்றால் சட்டத்தரணிகள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

அவர் திரும்ப வந்தார். பிறகும் வந்தார். ஒருநாள், என் கணவர் இன்னும் காய்ச்சவில்லை என்று சொன்னபோது, "கெதியாப் பாருங்கோ தம்பி, பைப் வாசத்தைப் பற்றி நாலாம் மாடிக்காரரும் கேட்டவை, நான்தான் சமாளிச்சு வச்சிருக்கிறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் கணவரும் சிரித்தார். கதவைச் சாத்திய பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பில்லை.

அன்றிலிருந்து அது சொந்தப் பாவனையாக இல்லை. பீப்பா ஒருநாளும் வெறுமையாக இருக்கவில்லை. கடைக்காரர் போனில், "அன்ரி, கேக் கடை போடப்போறீங்களோ? இவ்வளவு சீனி!" என்று கேட்டுச் சிரித்தார். சமையலறையில் நான் சோறு சமைக்கவே இடமில்லை. என் கணவர் முன்பு கோடாவைத் துணியில் நன்றாக வடித்துத்தான் குக்கரில் விடுவார். அவசரத்தில் அதையும் விட்டுவிட்டார். அன்னாசிச் சக்கையோடு அப்படியே ஊற்றினார்.

உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம் அது. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வழக்கமாகப் போகிறவர் என் கணவர். அந்தக் காலை காய்ச்சல் என்று போகாமல் தப்பினவர். கொழும்பில் ஒரு டயர் வெடித்தாலும் ஆட்கள் குந்திவிடுகிற காலம். அந்த நாட்களில், ஒரு சத்தமும் இல்லாத ஊரடங்கு முற்பகலில், எங்கள் சமையலறையில் குக்கர் வெடித்தது.

நான் முன்னறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் காதுக்கு வரமுதல் நெஞ்சில் அடித்தது. யன்னல் கண்ணாடி விழுந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மகன் வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டு ஓடுவது மட்டும் தெரிந்தது. சமையலறைக் கூரையில் மூடி அடித்த இடம் பெயர்ந்திருந்தது. அடுப்பில் நெருப்பு நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. மகன் காஸை நிறுத்தி, ஈரத் துவாயால் நெருப்பை அடித்தான். அவர் சுவரோடு சாய்ந்து இருந்தார். முகத்திலும் கழுத்திலும் தோல் வெந்து, அன்னாசிச் சக்கை ஒட்டியிருந்தது. இடது கண்ணைப் பொத்தியிருந்தார். "குழாய் அடைச்சுப்போட்டுது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்புலன்ஸ் கெதியாக வந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கீழ்மாடிக்காரர் தன் கதவை ஒரு சாண் திறந்து நின்றார். உதவிக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி," என்றார், "என்ர பேர் ஒண்டும் வராதே?"

ஒருவர்தான் கூட வரலாம் என்று அம்புலன்ஸில் சொன்னார்கள். நான் ஏறினேன். மகன் வாசலில் நின்றான்.

இனி நான் சொல்வது நான் காணாதது. மகன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதும், பிறகு நாலாம் மாடிக்காரர் சொன்னதும்.

எங்கள் அம்புலன்ஸ் போன கையோடு பொலிஸும் இராணுவமும் வந்தார்கள். தொடர்மாடி ஒன்றில் குண்டு வெடித்துவிட்டது என்று யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். துப்பாக்கியோடு படியேறி வந்தவர்கள் கண்டது, உடைந்த யன்னல், கரி பிடித்த சுவர், பிய்ந்த உலோகத் துண்டுகள், சுருட்டிய செப்புக் குழாய், ஓர் அறை நிறைய வயர், தனியே நிற்கும் ஒரு தமிழ்ப் பொடியன். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் அர்த்தத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் எங்கள் ஒழுங்கை லொட்ஜ்களில் இருந்து தமிழ் ஆட்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதை அவன் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்று பார்த்தவன்.

அவனைக் கொரிடோரில், கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். அறையிலிருந்து கம்பியூட்டரைத் தூக்கினார்கள். ஓர் அதிகாரி திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: என்ன வெடித்தது?

அவன் சிங்களத்தில் சொன்னான்: "சேர், குண்டு இல்லை. கசிப்பு. காய்ச்சேக்க குக்கர் வெடிச்சது. வாங்கோ, காட்டுறன்."

அவனே எழும்பிப் போய்க் குளியலறைப் பீப்பாவைக் காட்டினான். கட்டிலுக்குக் கீழே தகப்பன் வைத்திருந்த போத்தல்களை இழுத்துக் காட்டினான். ஒன்றையும் ஒளிக்கவில்லை, எவ்வளவு கூடக் காட்டுகிறானோ அவ்வளவு நல்லது என்று அவனுக்கு அப்போது தோன்றியதாம். அதிகாரி பீப்பாவுக்குள் விரலை விட்டு மணந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "அடோ, கசிப்பு!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். துப்பாக்கிகள் கீழே இறங்கின. ஒருவர் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"யாருடையது?" என்று அதிகாரி கேட்டார்.

"என்ர," என்றான் மகன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் போன் வந்தது. அங்கிருந்த பொலிஸ் கவுண்டரில் ஊரடங்கில் போகக் கடிதம் வாங்கி, ஒரு ஓட்டோவைப் பிடித்து, வெறிச்சோடிய கொழும்புக்குள்ளால் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நீதிமன்றத்தில் எத்தனையோ பொலிஸ்காரர்களை அறிந்தவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை அடையாளம் கண்டு எழும்பி நின்றார்.

"அது என்ர புருசன் செய்தது," என்று சிங்களத்தில் சொன்னேன். "மகனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் குடிக்கிறதே இல்லை. நான் எழுதித் தாறன்."

அவர் கூச்சத்தோடு வாக்குமூலத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். மகன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தான்.

"நோனா, உங்கட மாத்தயா ஆஸ்பத்திரியில. பொடியன் தானே சொல்லிட்டான். இது சின்னக் கேஸ். நோனாவுக்குத் தெரியாததே? நாளைக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டா, தண்டத்தைக் கட்டிட்டுப் போகலாம். மற்ற மாதிரி எண்டா…" மேசையில் கிடந்த உலோகத் துண்டுகள் போட்ட பையை அவர் பார்த்தார். "மற்ற மாதிரி எண்டா நாங்கள் எல்லாத்தையும் பரிசோதனைக்கு அனுப்போணும். அதுவரைக்கும் ஆளை வச்சிருக்கோணும்."

அவர் மிரட்டவில்லை. உண்மையில் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது.

உள்ளே வாங்கில் இருந்த மகனிடம் போனேன். "ஏன்டா உன்ர எண்டு சொன்னனீ?"

"அப்பாவின்ர எண்டு சொன்னா, அப்பா எங்க எண்டு கேப்பினம். அப்பா வந்து சொல்லுமட்டும் நான் அந்தக் குண்டோட இருக்கோணும்," என்றான். பிறகு, "அவங்கள் சிரிச்சவுடன எனக்கு உயிர் வந்தது அம்மா. எதுக்கெண்டாலும் கையெழுத்து வச்சிருப்பன்."

அடுத்த நாள் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் வந்திருந்தார். ஊரடங்கால் நீதிமன்றம் வெறுமையாக இருந்தது; வாங்குகளில் இடைவெளி விட்டுக் குறுக்குக்கோடு போட்டிருந்தார்கள். நான் வேலை செய்த காலத்து மின்விசிறிகளே ஓடிக்கொண்டிருந்தன. மகனிடம் உரைபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், சிங்களம் விளங்கும் என்றான். குற்றச்சாட்டு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. முகமூடிக்குள் என் வாய் தானாக அசைந்தது. ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன், சத்தம் வராமல், ஒருவருக்கும் இல்லாமல். நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

நீதவான் கோவையில் இருந்து தலையைத் தூக்கி, விற்பனைக்கா காய்ச்சினாய் என்று கேட்டார்.

"இல்லை," என்றான் என் மகன். "சொந்தப் பாவனைக்கு."

தண்டம் கட்டினோம். வீட்டுக்கு வந்து இருவருமாகச் சமையலறைச் சுவரைக் கழுவினோம். பொலிஸ் ரிப்போர்ட்டில் இது வரும் என்று சட்டத்தரணி சொன்னார். சின்னக் குற்றம், விளக்கக் கடிதம் கொடுத்தால் அவுஸ்திரேலியாக்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்று விசா முகவர் சொன்னார். கடிதத்தில் என்ன எழுதுவது என்று மகன் கேட்டான். உண்மையை எழுது என்றேன். உண்மையை எழுதினால் நீதிமன்றத்தில் பொய் சொன்னதாக வரும் என்றான். அவன் சொன்னது சரி. விண்ணப்பத்தை அவன் அப்படியே விட்டுவிட்டான்.

என் கணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்றார்கள். கழுத்துத் தோல் இறுகி, தலையைத் திருப்ப உடம்பையும் சேர்த்துத் திருப்பவேண்டும். நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மகனுடைய அறைக் கதவடியில் போய் நின்றார்.

"நான் வந்து சொல்லியிருப்பன்தானே."

"நீங்கள் ஆஸ்பத்திரியில அப்பா," என்றான் அவன், பொலிஸ் திருப்பித் தந்திருந்த கம்பியூட்டரின் திரையைப் பார்த்தபடியே.

மழைக்காலம் தொடங்கியபோது வைன் ஸ்டோர்ஸ் திறந்தார்கள். கியூவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்று பின்னேரம் எங்கள் கதவுக் கைபிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே சாராயப் போத்தல் ஒன்று, நல்ல வகை. கீழ்மாடிக்காரர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தட்டவில்லை.

நான் அதைத் தூக்கிக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோனேன். மகன் வந்து என் கையில் இருந்து வாங்கினான். இரண்டு கிளாஸ் எடுத்தான். ஒன்றை ஊற்றித் தகப்பனுக்கு முன்னால் வைத்தான். மற்றதைத் தனக்கு ஊற்றினான்.

"தம்பி, வேண்டாமடா," என்றார் அவர்.

"ஏன் அப்பா? எனக்குத் தானே லைசன்ஸ் இருக்கு. கோர்ட்டில எழுதித் தந்திருக்கு," என்றான்.

முதல் வாய்க்கு இருமினான். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் கிளாஸை வைக்கவில்லை. தகப்பன் உடம்பை முழுதாகத் திருப்பி, தெரிகிற கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கிளாஸை அன்று அவர் தொடவில்லை. அதற்குப் பிறகும் தொட்டதை நான் காணவில்லை.

மகன் இப்போது இரத்மலானையில் அறை எடுத்து இருக்கிறான். வேலை நல்ல வேலைதான். நான் பின்னேரங்களில் போன் எடுப்பேன். ஆறு மணிக்கு முதல் எடுத்தால் நன்றாகக் கதைப்பான். நேரம் பிந்தினால் போன் அடித்து அடித்து நின்றுபோகும். பக்கத்தில் இருந்து அவர், "எடுத்தவனே?" என்று கேட்பார். வேலையாக இருப்பான் என்று நான் சொல்வேன்.